பாதம் உணர்ந்ததைத் தாளில் கீறுதல்

நடையைப் படமாக்குவது பற்றிப் பேசும்போது இரண்டு வேறுபட்ட செயல்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நடை விட்டுச் சென்ற தடத்தைப் பதிவு செய்வது ஒன்று; நடந்துகொண்டிருந்த உடலுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதைத் தாளுக்குக் கொண்டுவருவது மற்றொன்று. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்திலிருந்து நாவலடி வரை ஒருவர் நடந்தால், அவருடைய கைத்தொலைபேசி ஜி.பி.எஸ் துணையோடு வரைபடத்தின் மேல் ஒரு கோட்டைக் கீறிக் கொடுத்துவிடும். அந்தக் கோட்டில் தூரமும் திசையும் இருக்கின்றன. மணலில் புதைந்த குதிகாலை இழுத்தெடுத்த கெண்டைக்காலின் இறுக்கமும், கச்சான் காற்று ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் உலர்த்தியதும், செருப்பு வார் உரசிய இடத்தின் எரிவும் அதில் இல்லை. இவற்றை வரைவதற்கு உடலைப் பற்றிய வேறு வகையான அறிவும், கோட்டைப் பற்றிய வேறு வகையான ஒப்பந்தமும் தேவைப்படுகின்றன.

தடத்தைப் பதிவு செய்யும் மரபு பழையது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே 1870களில் சப்பாத்தின் அடியில் காற்றறை ஒன்றைப் பொருத்தி, பாதம் நிலத்தை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று ஒரு முள்ளை அசைத்து, புகைக்கரி படிந்த உருளையின் மேல் கோடு கீறும்படி செய்தார். பிரித்தானியக் கலைஞர் ரிச்சர்ட் லோங் 1967 இல் ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்து, மிதிபட்ட புல்லில் தோன்றிய கோட்டைப் புகைப்படமெடுத்தார். அவருடைய நாட்டவரான ஹமிஷ் ஃபுல்டன் 1973 முதல் தம்முடைய நடைகளிலிருந்து பிறந்தவற்றை மட்டுமே கலையாக முன்வைத்து வந்தார். நடத்தலே கலைச் செயலாக முடியும் என்பதை நிறுவிய பங்கு லோங்குக்கும் ஃபுல்டனுக்கும் உரியது. ஆயினும் நடந்தவரின் முழங்கால் அன்று எப்படி இருந்தது என்று அவர்களுடைய படங்களிடம் கேட்டால் விடை கிடைக்காது.

இடைநிலையில் நிற்பவர் அமெரிக்கரான வில்லியம் அனஸ்தாசி. நியூயோர்க் சுரங்க ரயிலில் மடியில் தாளை வைத்து, இரு கைகளிலும் பென்சில் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு, ரயிலின் குலுக்கல் தம் உடலின் வழியாகத் தாளில் கோடாகும்படி அவர் விட்டுவிட்டார். நடக்கும்போது சட்டைப்பைக்குள் மடித்து வைத்த தாளில் பென்சிலை ஓடவிட்டும் படங்கள் செய்தார். இவை அழகான படங்கள். ஆனால் இங்கே உடல் ஒரு கருவியாகவே வேலை செய்கிறது. அசைவு உள்ளே வந்து கோடாக வெளியேறுகிறது. இடையில் எவரும் எதையும் உணர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உணர்வை வரைவதற்கு, உணர்ந்தவர் ஒருவர் நடுவில் நின்று, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரிவு செய்தாக வேண்டும் என்பது என் கருத்து.

அந்தத் தெரிவைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்தவர் ஒஸ்திரிய ஓவியர் மரியா லாஸ்னிக் (1919–2014). கண்ணாடியில் தெரியும் உடலை விட்டுவிட்டு, அந்தக் கணத்தில் உள்ளிருந்து உணரப்படும் உடலை மட்டும் வரைவது என்ற கொள்கையை அவர் 1940களின் இறுதியிலேயே தொடங்கினார். நாற்காலியின் அழுத்தத்தை உணரும் இடுப்பு பெரிதாக வரும். உணர்வு எதுவும் வராத கை படத்தில் இல்லாமலே போகும். அவருடைய தன்னுருவங்கள் பலவற்றில் தலைமயிர் இல்லாதிருப்பதற்கு இதுவே காரணம்: மயிருக்கு உணர்வில்லை. நீண்ட காலம் கவனிக்கப்படாதிருந்த இந்தப் பணிக்கு 2013 இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கப்பட்டது. நடையை வரைய விரும்புவோர் லோங்கைவிட லாஸ்னிக்கிடம்தான் அதிகம் கற்க முடியும் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. அவர் வரைந்த உடல் பெரும்பாலும் அமர்ந்தோ படுத்தோ இருந்தது. ஓர் உணர்வு நிலைத்து நிற்கும்வரை அவரால் காத்திருக்க முடிந்தது. நடப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை.

எவ்வளவு அவகாசம் இல்லை என்பதை அறிய உடலியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவர் சாதாரண வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடி வைக்கிறார். ஆகவே ஓர் அடிக்கு அரை விநாடியே கிடைக்கிறது. ஒரு காலின் முழுச் சுழற்சியில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் அந்தப் பாதம் நிலத்தில் இருக்கிறது, மீதி நேரம் காற்றில் இருக்கிறது. இந்தக் குறுகிய காலத்துக்குள் செய்திகள் பல வழிகளில் வருகின்றன. உள்ளங்கால் தோலில் உள்ள உணர்வு முனைகளில் சில அழுத்தத்துக்கும், சில தோல் இழுபடுவதற்கும், சில அதிர்வுக்கும் பதில் தருகின்றன. தசைகளுக்குள் உள்ள கதிர் வடிவ நுண்ணுறுப்புகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும், தசைநாண்களில் உள்ள உறுப்புகள் எவ்வளவு விசை இழுக்கிறது என்பதையும் அறிவிக்கின்றன. உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. கண்ணை மூடினாலும் நம் முழங்கால் மடிந்திருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று நமக்குத் தெரிவது இவற்றால்தான். பிரித்தானிய உடலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906 அளவில் இதனை ஒரு தனிப் புலனாக வகுத்துக் காட்டினார்.

வரைபவருக்கு இதில் மிகவும் பயன்படும் செய்தி, உணர்வுகள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதாகும். வெறுங்காலால் ஒரு கூரான கல்லை மிதித்தால் முதலில் ‘சுருக்’கென்ற வலி வருகிறது, அது தெறித்து மறைந்த பின்னர், மந்தமான, பரவிய, எரிவு கலந்த இரண்டாவது வலி வருகிறது. முதலாவது வலியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மெல்லிய உறையுடையவை. விநாடிக்கு 5 முதல் 30 மீற்றர் வரை வேகமுடையவை. இரண்டாவதைக் கொண்டுசெல்லும் உறையற்ற இழைகள் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றரே கடக்கின்றன. பாதம் மூளைக்கு மிகத் தொலைவில் இருப்பதால் இந்த இடைவெளி வேறெந்த உறுப்பையும்விடப் பாதத்தில் தெளிவாகத் தெரியும். அரை விநாடிக்கு ஓர் அடி வைக்கிறவர் இரண்டாவது வலியை உணரும்போது கல்லைத் தாண்டி ஓரிரு அடி முன்னே போயிருப்பார். எனவே கல் இருந்த இடத்திலேயே வலி முழுவதையும் ஒரு சிவப்புப் புள்ளியாக வைப்பது உடலின் கணக்கில் பிழையாகும். ஒரு குறுகிய கூர்க்கோடும், அதற்குச் சற்றுத் தள்ளி, வேறு ஓர் அடியின் மேல் படிந்த மங்கலான கரித்தேய்ப்பும் உண்மைக்கு நெருக்கமானவை.

இதற்கு எதிரான இடர் பழகிப்போதல். தோலின் அதிர்வு உணர் முனைகள் மாற்றத்துக்கு மட்டுமே பதில் தருபவை. ஒரே நிலை நீடித்தால் அவை மௌனமாகின்றன. செருப்பை மாட்டிய கணத்தில் தெரிந்த வார் சில நிமிடங்களில் மறைந்துபோவது அதனால்தான். அத்தோடு நடையின் தாளத்தைப் பெரும்பகுதி முள்ளந்தண்டு வடத்தின் நரம்புச் சுற்றுகளே பார்த்துக்கொள்கின்றன. மனம் அதில் தலையிட வேண்டியதில்லை. தலையிட்டால் நடை தடுமாறும். ஆகவே ‘நடக்கும்போது உடலைக் கவனி’ என்ற அறிவுரை எளிதாகத் தோன்றினாலும், ஒரு மணி நேர நடையில் உண்மையாகக் கவனத்துக்கு வருபவை தொடக்கம், தரை மாறும் இடங்கள், களைப்பு ஏறும் நேரம், நின்ற கணம் ஆகியவையே. நல்ல நடைப்படம் ஒன்றில் வெற்றிடம் நிறைய இருக்கும். தாள் முழுவதும் சமமாக நிரப்பப்பட்ட படத்தைக் கண்டால், அதன் பெரும்பகுதி பின்னர் யோசித்துச் சேர்க்கப்பட்டது என்று நான் ஐயுறுவேன்.

அளவுகளும் குலைந்துதான் வரும். கனடாவில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், 1937 இல் எட்வின் போல்ட்ரேயுடன் வெளியிட்ட ஆய்வில், தொடுகைக்கு உரிய மூளைப்பகுதியில் உடலின் பாகங்களுக்கு அவற்றின் பருமனுக்கு ஏற்ப இடம் ஒதுக்கப்படவில்லை என்பதைக் காட்டினார். உதடுக்கும் விரல்களுக்கும் பெரிய இடம், முதுகுக்குச் சிறிய இடம். உணர்வை வரையும் ஒருவர் தம் பெருவிரலை முழங்காலைவிடப் பெரிதாகக் கீறினால் அது கைத்திறன் குறைவு ஆகாது.

இனி மொழிபெயர்ப்பின் சிக்கல். அழுத்தம், வெப்பம், களைப்பு ஆகியவற்றுக்கு உருவம் இல்லை. எந்தக் கோடு எதைக் குறிக்கும் என்று யார் தீர்மானிப்பது? இது முழுக்க முழுக்க வரைபவரின் விருப்பம் என்று சொல்லிவிட முடியாது. ஜேர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929 இல், பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, அவற்றில் எது வளைந்த உருவத்துக்கும் எது கூரிய உருவத்துக்கும் பொருந்தும் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே விடையையே தருகிறார்கள் என்பதைக் கவனித்தார். வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபார்டும் 2001 இல் இதனை மீண்டும் ஆராய்ந்தபோது, அமெரிக்க மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுவோரும் ஏறக்குறைய அனைவருமாக அதே தெரிவைச் செய்தனர். ஒரு புலனின் தன்மையை இன்னொரு புலனின் உருவத்தோடு பொருத்துவதில் மனிதருக்குள் ஓரளவு பொது உடன்பாடு இருக்கிறது. கூரிய வலிக்குக் கூர்க்கோடு என்பதைப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிறத்துக்கு வரும்போது இந்த உறுதி தளர்கிறது. வலி சிவப்பு, அமைதி நீலம் என்பது பயிலரங்குகளில் ஒட்டிக்கொண்ட பழக்கமேயன்றி உடல் சொன்ன செய்தி அன்று. தொடக்கத்தில் நிறத்தையே தொடாமல், கரிக்கோலின் அழுத்தம், கோட்டின் வேகம், இடைவெளி ஆகிய மூன்றையும் மட்டும் வைத்து வேலை செய்வது நல்லது.

இந்தக் கலைக்கு நம்முடைய கரையோரம் கொடுக்கக்கூடிய பொருள் ஏராளம். குறுகிய தூரத்துக்குள் தரை இத்தனை முறை மாறும் இடங்கள் இலங்கையில் அதிகம் இல்லை. கல்லடிக் கடற்கரையில் காய்ந்த மணல் பாதத்தைப் பின்னே வழுக்கவிடுகிறது. மணலில் நடக்கும் உடல், கடினத் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது என்று 1998 இல் வெளியான ஓர் உடலியல் ஆய்வு அளந்து காட்டியது. அந்த மேலதிகச் செலவு கெண்டைக்காலிலும் பாதத்தின் நடுவளைவிலும் தெரிகிறது. அலை நனைத்த ஓரத்துக்கு இறங்கியதும் தரை இறுகி, பாதம் திடீரென்று இலேசாகிறது. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாக மிதித்து, இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. வடக்கு நோக்கிப் போகும்போது தாழ்ந்த கால் வலதாகவும், திரும்பி வரும்போது இடதாகவும் இருக்கும். ஒரே கடற்கரை நடையின் போக்கும் வரவும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகும் இரு படங்களைத் தருவது இதனால் நிகழ்கிறது.

வயல் வரம்பு இதற்கு முற்றிலும் மாறானது. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ பெரும்போகத்து நீர் நிற்கும் காலத்தில் வரம்பில் நடப்பவர் ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறுபாதத்தை வைக்க வேண்டியிருக்கிறது, களி வழுக்குகிறது, விரல்கள் தாமாகவே நிலத்தைக் கவ்வுகின்றன. மணலில் உணர்வு முன்பின்னாக ஓடினால், வரம்பில் அது இடம் வலமாக ஓடுகிறது. கணுக்காலின் இரு பக்கங்களும் மாறி மாறி இறுகுகின்றன, தோள்கள் அகல்கின்றன, மூச்சு மேலே நிற்கிறது. இதைக் கீறும்போது கோடு நெடுக ஓடாமல் குறுக்காக நடுங்குவதே இயல்பு. சிறுபோக அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் அதே வயலில் கால் அரிதாளின் குத்தலையும் வெடிப்பு விளிம்பின் கூர்மையையும் சந்திக்கிறது. வாவிக்கரையின் கண்டல் சேறு வேறு: அங்கே பாதத்தை வைப்பதில் பெரிய உணர்வு இல்லை, எடுப்பதில்தான் இருக்கிறது, சேறு விடாமல் உறிஞ்சிப் பிடிக்கும் அந்த இழுவையை மேலிருந்து கீழாகக் கீறிய கோட்டால் காட்ட முடியாது, கீழிருந்து மேலாகக் கீற வேண்டும். பாலத்தின் நடைபாதையில் பாரவூர்தி கடக்கும்போது வரும் அதிர்வு குதிகாலில் தொடங்கி முழங்காலோடு நின்றுவிடுகிறது.

வெறுங்கால் நடையின் மிகப் பெரிய மரபு கதிர்காமப் பாதயாத்திரை. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தையை அடைந்து, அங்கிருந்து குமனை, யாலக் காடுகளைக் கடந்து செல்கின்றனர். பல நாள் நடையில் உணர்வின் மையம் உடலுக்குள் இடம் மாறுகிறது. முதல் நாட்களில் எல்லாம் உள்ளங்காலிலேயே இருக்கும். தோல் தடித்த பின்னர் அது முழங்காலுக்கும், பொதி சுமந்த தோளுக்கும், நீர் வற்றிய நாவுக்கும் ஏறும். நாளுக்கு ஓர் உள்ளங்கை அளவு தாளில் அன்றைக்கு எந்த உறுப்பு ‘பேசியது’ என்பதை மட்டும் கீறி வைத்தால், அந்த வரிசை ஒரு பயணக் குறிப்பு சொல்லாததைச் சொல்லும். யாத்திரை வழிபாடு என்பதால், போகிற வழியில் பிறரை நிறுத்திக் கீறச் சொல்வது முறையல்ல. தம் சொந்தப் பாதத்தை வரைவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மட்டக்களப்பில் காலடியை உருவமாக எண்ணும் பயிற்சி ஓவியத்துக்கு வெளியே ஏற்கனவே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பார்வையாளர் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியில் ஆடப்படுகின்றன. ஆட்டக்காரர் வட்டமாகச் சுழல்வதும், எட்டுப் போடுவதும், பொடியடி வைப்பதும், குத்தி மிதிப்பதும் தரையில் வரையப்படும் கோலங்களே. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அவற்றைத் தாளக்கட்டின் சொற்களால் உடலுக்குள் இறக்குகிறார். சலங்கை கட்டிய கணுக்காலின் பாரத்தை அறிந்த ஒரு கூத்தர், தாம் எட்டுப் போடும்போது எந்த வளைவில் பாரம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதைச் சித்திரம் பயின்ற ஒருவரைவிடத் துல்லியமாகக் கீறுவார். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஆட்டமும் நாடகமும் காட்சிக் கலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுவதால், இந்த இரு வகை அறிவும் ஒரே தாளில் சந்திப்பதற்கு நல்ல வாய்ப்பு இங்கே இருக்கிறது.

செயல்முறையைப் பொறுத்தவரை, நடந்துகொண்டே வரைவது கண்ணை முன்னிறுத்திவிடுகிறது. தாளைப் பார்த்தவுடன் அது அழகாக இருக்கிறதா என்ற எண்ணம் பாதத்தின் குரலை அமுக்கிவிடும். வீட்டுக்குத் திரும்பிய பின் வரைந்தால் நினைவு கதையாகிவிடும். இடையிடையே நிற்பதே சிறந்தது: பத்து நிமிடம் நட, நில், கண்ணை மூடி ஒரு நிமிடம் கவனி, தாளைப் பாராமல் கீறு, பின்னர் நட. கடினமான அட்டையில் கிளிப் போட்ட சில தாள்களும் ஒரு மென்மையான பென்சிலும் போதும். மாரி காலத்தில் மெழுகுக் கட்டி பென்சிலைவிட நன்றாக உழைக்கும். வீதியோரம் நின்று கண்ணை மூடிக் கீறுபவரை நம்மூரில் எவரும் சும்மா விடமாட்டார்கள் என்பதும், பெண்ணொருவர் தனியே அப்படி நிற்பது இன்னும் கடினம் என்பதும் உண்மை. இருவர் மூவராகச் சேர்ந்து நடப்பது இதற்கு ஒரு வழி.

உடலின் வெளிக்கோட்டைக் கீறி அதற்குள் உணர்வுகளை நிரப்பும் முறை வேறொரு வழியாகவும் உலகில் பரவியது. 2000களின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில், எச்.ஐ.வியுடன் வாழும் பெண்கள் தம் உடலின் முழு அளவு வெளிக்கோட்டுக்குள் தங்கள் கதைகளை வரைந்த திட்டம் அதற்குப் பெரும் உந்துதல் தந்தது. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டங்களில் உளசமூகப் பணி எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. இருந்தாலும் அதன் ஒரு பக்கவிளைவு, இங்கே உடலை வரையச் சொன்னாலே காயத்தை வரையச் சொல்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பு உருவாகியிருப்பதாகும். சைக்கிளை விட்டிறங்கிச் சோதனைச்சாவடியை நடந்து கடந்த தலைமுறைக்கு, குறித்த சில வளைவுகளில் தோள் இன்றும் இறுகலாம். அது தானாகத் தாளுக்கு வந்தால் வரட்டும். அதைத் தேடிப் பிடிப்பதற்காக நடையை ஒழுங்குசெய்வது, உடலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடும். புதுச் செருப்பின் கடியும், மழைக்குப் பின் குளிர்ந்த தாரின் சுகமும், கோயில் முன்றல் மணலின் மென்மையும் அதே அளவு வரையத் தகுந்தவை.

பாடசாலையில் இதற்கு இடம் உண்டா என்ற கேள்வியைச் சித்திர ஆசிரியர்கள் நியாயமாகவே எழுப்புகின்றனர். பரீட்சைக்கான பயிற்சி பெரும்பாலும் முன்னே வைத்த பொருளைப் பார்த்து வரைவதையும், கொடுத்த தலைப்புக்குக் காட்சி அமைப்பதையும் மையமாகக் கொண்டது; அங்கே ஒத்திருத்தலை அளந்து புள்ளியிட முடிகிறது. உணர்வுப் படத்தை எதனோடு ஒப்பிடுவது? மாணவரை மைதானத்தின் ஒரே சுற்றைச் செருப்போடு ஒரு தடவையும் வெறுங்காலோடு ஒரு தடவையும் நடக்கச் செய்து, இரண்டு தாள்களையும் பெயரில்லாமல் கலந்து, எது எந்த நடை என்று வகுப்பில் உள்ள மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் அந்தக் கோடுகள் வேலை செய்திருக்கின்றன. சொல்ல முடியாவிட்டால் எந்தக் கோடு குழப்பியது என்று அந்தப் பாடவேளையிலேயே பேசித் திருத்தலாம்.